எழுதிவிட்டுச் சொல்கிறதா, சொல்லிவிட்டு எழுதுகிறதா?

கணினியில் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து முடித்துச் 'சேமி' என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. நிம்மதியாக எழுந்துவிடுகிறீர்கள். அடுத்த நொடியே மின்சாரம் நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். கட்டுரை இருக்குமா, இருக்காதா?

பெரும்பாலும் இருக்கும். ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பது அவசியம். மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் போவது நம் பக்கத்தில் அபூர்வமான நிகழ்ச்சி அன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. இப்படிப்பட்ட இரவில் ஒரு மருத்துவமனையிலோ, வங்கிக் கிளையிலோ, பள்ளி அலுவலகத்திலோ ஓடிக்கொண்டிருக்கும் கணினி திடீரென்று அணைந்தால், சற்று முன் 'சேமிக்கப்பட்டது' என்று சொன்னவையெல்லாம் மறுநாள் காலையில் இருக்குமா?

இந்தக் கேள்விக்கான விடை, கணினியின் உள்ளே நடக்கும் ஓர் உரையாடலைப் பொறுத்தது. ஒருபுறம் கெர்னல், மறுபுறம் வன்தட்டு. வன்தட்டு எப்படி நடந்துகொள்ளும் என்று கெர்னல் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பு உண்மையோடு ஒத்துப்போகும் வரையில் கவலையில்லை. ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதே நாம் இங்கே பார்க்கப் போவது.

மல்லாட்டையும் கெர்னலும்

கெர்னல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது பொருள். நம் ஊர் மாணவர்களுக்கு இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டாம். மல்லாட்டையை உடைத்தால் உள்ளே இருப்பதுதான் கெர்னல். வெளியே இருக்கும் ஓடு ஷெல். (வேர்க்கடலை வகைகளின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பது. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்ற ரகம் நம் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுபோயிற்று. இது பேச்சோடு பேச்சாக.) கணினி வல்லுநர்களும் இதே உவமையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நாம் ஆணைகளைத் தட்டச்சு செய்யும் வெளிப்பகுதிக்கு ஷெல் என்றும், உள்ளே இருந்துகொண்டு நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை ஆகியவற்றை ஆளும் நிரல்தொகுதிக்குக் கெர்னல் என்றும் பெயரிட்டார்கள்.

கட்டுரை எழுதும் நிரல் வன்தட்டை நேரடியாகத் தொட முடியாது. 'இதைச் சேமித்து வை' என்று கெர்னலிடம் கொடுக்கும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. கெர்னல் அதை உடனே வன்தட்டுக்கு அனுப்புவதில்லை. தன் நினைவகத்தில் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு மொத்தமாக அனுப்பும். பழைய யூனிக்ஸ் கணினிகளில் 30 விநாடிக்கு ஒருமுறை இப்படி மொத்தமாக அனுப்புவதற்கென்றே ஒரு சிறு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய லினக்ஸிலும், மாற்றி அமைக்காவிட்டால், 30 விநாடி என்ற கணக்கு நீடிக்கிறது. அவசரமானால் நிரலே 'இதை இப்பொழுதே தட்டில் எழுதிவிட்டுத்தான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்' என்று கெர்னலை வற்புறுத்தலாம். வங்கிக் கணக்கை ஆளும் நிரல்கள் அப்படித்தான் செய்கின்றன.

இது வரையில் புரிவதில் சிக்கல் இல்லை. கெர்னல் வன்தட்டுக்கு அனுப்பிவிட்டது, வன்தட்டும் 'ஆயிற்று' என்று பதில் சொல்லிவிட்டது என்றால் வேலை முடிந்ததல்லவா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தட்டின் சோம்பல்

ஒரு சாதாரண வன்தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. விநாடிக்கு 120 முறை. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி ஆகிறது. எழுத வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சராசரியாக 8 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் சுமார் 12 மில்லி விநாடி. அங்குமிங்குமாகச் சிதறிய இடங்களில் எழுதச் சொன்னால் விநாடிக்கு 80 இடங்களில்தான் எழுத முடியும்.

12 மில்லி விநாடி நமக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் வேகச் செயலிக்கு அதற்குள் 3 கோடியே 60 லட்சம் துடிப்புகள் கடந்துவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் இவ்வளவு நேரம் காத்திருந்தால் கணினி நகராது.

ஆகவே வன்தட்டைச் செய்பவர்கள் அதற்குள்ளேயே ஒரு சிறு மின்னணு நினைவகத்தையும் வைத்தார்கள். 64 மெகாபைட், 256 மெகாபைட் என்று இதன் அளவு இருக்கும். வந்த தகவலை இதில் வாங்கி வைத்துக்கொண்டு, தலை போகிற வழியை ஒட்டி வரிசையை மாற்றி, பிறகு நிதானமாகத் தட்டில் எழுதலாம்.

மண்டிக் கடையில் இரு விதமான கணக்குப்பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் மூட்டைக் கணக்கைச் சொன்னதும் பேரேட்டைத் திறந்து, உரிய பக்கத்தைத் தேடி, மையால் எழுதிய பிறகே 'ஆயிற்று' என்பார். மற்றவர் கையிலுள்ள சிலேட்டில் சட்டென்று குறித்துக்கொண்டு உடனே 'ஆயிற்று' என்பார். கூட்டம் குறைந்த பிறகு சிலேட்டைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். இரண்டாமவரிடம் வேலை வேகமாக நடக்கும். சிலேட்டின் மேல் மழைத் தண்ணீர் விழாத வரையில் கணக்கும் சரியாகவே இருக்கும்.

முதலாமவர் முறையை நாம் 'எழுதிவிட்டுச் சொல்லுதல்' என்போம். கணினி நூல்களில் இதற்கு ரைட் த்ரூ என்று பெயர். இரண்டாமவர் முறை 'சொல்லிவிட்டு எழுதுதல்'. இதுவே ரைட் பேக். பெரும்பாலான வன்தட்டுகளில் இந்த இரண்டில் எது வேண்டுமென்று நாமே அமைத்துக்கொள்ளலாம். கடைக்கு வரும்போது அவை பொதுவாக 'சொல்லிவிட்டு எழுதும்' நிலையிலேயே வருகின்றன.

மின்சாரம் நின்றால் வன்தட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது பௌதிக மாணவர்களுக்குச் சுவையான விஷயம். சுழன்றுகொண்டிருக்கும் தட்டுகளில் இயக்க ஆற்றல் மீந்திருக்கிறது. மோட்டாரே அந்தக் கணத்தில் ஜெனரேட்டராக மாறிச் சிறிதளவு மின்சாரம் தருகிறது. அதைக்கொண்டு தலை பத்திரமான இடத்துக்கு ஒதுங்கிவிடும். தட்டில் தலை உரசிக் கீறல் விழாமல் காப்பது இதுதான். ஆனால் நினைவகத்தில் காத்திருக்கும் தகவலையெல்லாம் எழுதி முடிக்க இந்த ஆற்றல் பொதுவாகப் போதாது. சிலேட்டு அழிந்துவிடும்.

'கையிலிருப்பதை எழுதிவிட்டு வா'

அப்படியானால் எல்லோரும் 'எழுதிவிட்டுச் சொல்லும்' முறையையே வைத்துக்கொள்ள வேண்டுமா? தேவையில்லை. வேகத்தையும் இழக்காமல், தகவலையும் காக்க ஒரு வழி இருக்கிறது. வன்தட்டுக்கு ஃப்ளஷ் என்ற ஆணை ஒன்று உண்டு. 'சிலேட்டில் இருப்பதையெல்லாம் பேரேட்டில் ஏற்றிவிட்டு வந்து சொல்' என்பது அதன் பொருள். கெர்னல் முக்கியமான கட்டங்களில் மட்டும் இந்த ஆணையை அனுப்புகிறது. மற்ற நேரங்களில் வன்தட்டு தன் வசதிப்படி எழுதிக்கொள்ளலாம்.

முக்கியமான கட்டம் எது? லினக்ஸில் எக்ஸ்ட் 4 என்ற கோப்பு முறை பரவலாகப் பயன்படுகிறது. அது கோப்புகளின் பட்டியலில் எதையாவது மாற்றுமுன், 'இன்ன இன்ன மாற்றங்களைச் செய்யப் போகிறேன்' என்று வன்தட்டின் ஒரு பகுதியில் நாட்குறிப்பு எழுதுகிறது. குறிப்பு முழுமையடைந்ததும் அதன் கீழே ஒரு முத்திரை இடுகிறது. பிறகே உண்மையான இடத்தில் மாற்றம் நடக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும், மறுபடி இயங்கத் தொடங்கியதும் நாட்குறிப்பைப் பார்த்து, முத்திரை இருந்தால் அந்த மாற்றத்தை முடித்துவிடலாம். முத்திரை இல்லாவிட்டால் அந்தக் குறிப்பையே விட்டுவிடலாம்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு வரிசையை நம்பியிருக்கிறது. முதலில் குறிப்பு, அப்புறம் முத்திரை. வன்தட்டோ தன் வசதிக்காக வரிசையை மாற்றும் இயல்புடையது. குறிப்புக்கு முன்னால் முத்திரை தட்டில் பதிந்து, அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றால்? எழுதப்படாத குறிப்பின் கீழே முத்திரை இருக்கும். கோப்பு முறை ஏமாந்துபோகும். ஒரு கோப்பு மட்டுமல்ல, ஓர் அடைவு முழுவதுமே சிதையலாம். குறிப்புக்கும் முத்திரைக்கும் நடுவே அனுப்பப்படும் ஃப்ளஷ் ஆணைதான் இதைத் தடுக்கிறது.

இப்பொழுது ஒன்றைக் கவனியுங்கள். வன்தட்டு 'எழுதிவிட்டுச் சொல்லும்' நிலையில் இருந்தால் ஃப்ளஷ் ஆணைக்கு வேலையே இல்லை. சிலேட்டே இல்லாத கணக்குப்பிள்ளையிடம் 'சிலேட்டைக் காலி செய்' என்பானேன்? ஆகவே, வன்தட்டு அந்த நிலையில் இருக்கிறது என்று கெர்னலின் குறிப்பில் இருந்தால், அது ஃப்ளஷ் ஆணையை அனுப்பாமலே விட்டுவிடும். வன்தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கெர்னல் சரியாக அறிந்திருக்க வேண்டிய அவசியம் இங்கேதான் வருகிறது.

கெர்னல் ஒரே ஒரு முறைதான் கேட்கிறது

கணினி இயங்கத் தொடங்கும்போது, கெர்னல் ஒவ்வொரு சாதனத்தையும் 'நீ யார்? உன் இயல்பு என்ன?' என்று விசாரிக்கிறது. ஏ.டி.ஏ. வகை வன்தட்டு இதற்குப் பதிலாக 512 பைட் நீளமுள்ள ஒரு விவரப் பட்டியலைத் தருகிறது. 16 பிட் கொண்ட 256 சொற்கள் அதில் உள்ளன. சுழியத்திலிருந்து எண்ணினால் 85ஆம் சொல்லின் 5ஆம் பிட், எழுதுவதற்கான தற்காலிக நினைவகம் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா என்பதைச் சொல்கிறது. 1 என்றால் சொல்லிவிட்டு எழுதுதல். 0 என்றால் எழுதிவிட்டுச் சொல்லுதல். உங்கள் தகவலின் பத்திரம் அந்த ஒற்றை பிட்டில் தொங்குகிறது என்றால் மிகையில்லை.

கெர்னல் இந்த விடையைத் தன் நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. அதன் பிறகு வன்தட்டிடம் கேட்பதில்லை. தன் குறிப்பையே பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்டால் என்ன என்று தோன்றும். வன்தட்டு ஒரே சமயத்தில் 32 ஆணைகள் வரை வரிசையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். இத்தகைய விசாரணை ஆணையை அந்த வரிசையோடு கலக்க முடியாது. வரிசை முழுவதும் காலியாகும் வரை காத்திருந்து, பிறகு கேட்டு, பிறகு மறுபடி வேலையைத் தொடங்க வேண்டும். ரயில் ஓடும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிறுத்தி, 'இது சென்னை வண்டிதானே?' என்று கேட்பதைப் போலாகும்.

ஆகவே ஒரே உண்மைக்கு இப்போது இரண்டு இடங்கள் ஏற்பட்டுவிட்டன. வன்தட்டுக்குள் இருக்கும் அமைப்பு ஒன்று. கெர்னலின் குறிப்பு மற்றொன்று. முதலாவது மாறினால் இரண்டாவது தானாக மாறாது.

முதலாவது எப்படி மாறும்? லினக்ஸில் எச்டிபார்ம் என்று ஒரு கருவி உண்டு. அது வன்தட்டின் அமைப்பை மாற்றும் ஆணையைக் கெர்னலின் வழியாக அனுப்புகிறது என்றாலும், உறையிட்ட கடிதத்தைக் கொடுத்தனுப்புவது போல அனுப்புகிறது. தபால்காரர் உறையைப் பிரித்துப் பார்க்காவிட்டால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதற்காகவே லினக்ஸின் ஏ.டி.ஏ. பகுதியில் ஒரு முன்னேற்பாடு செய்திருக்கிறார்கள். அமைப்பை மாற்றும் ஆணை ஒன்று கடந்துபோவதைக் கண்டால், அது முடிந்ததும் வன்தட்டிடம் விவரப் பட்டியலை மறுபடி கேட்கும். உறையின் மேல்விலாசத்தைப் பார்த்தே உஷாராகிவிடும் தபால்காரர் என்று சொல்லலாம்.

வேறொரு வழியும் உண்டு. மடிக்கணினியின் மூடியைச் சாத்தி அது உறங்கும்போது வன்தட்டுக்கு மின்சாரம் நிற்கிறது. நாம் செய்த மாற்றத்தை மறந்துவிட்டு, தொழிற்சாலையில் வைத்த நிலைக்கே அது திரும்பிவிடக்கூடும். கெர்னலின் நினைவகமோ உறக்கத்திலும் அழிவதில்லை. உறங்குமுன் 'எழுதிவிட்டுச் சொல்லும்' வன்தட்டாக இருந்தது, விழித்ததும் 'சொல்லிவிட்டு எழுதும்' வன்தட்டாகிவிடும். கெர்னலின் குறிப்பில் பழைய நிலையே இருக்கும். ஆகவே விழித்ததும் இன்னொரு முறை விசாரிப்பது அவசியமாகிறது.

இரண்டு பிழைகள், இரண்டு விலைகள்

குறிப்பு பிழையாக இருப்பதிலும் இரண்டு வகை உண்டு. இரண்டும் சமமானவை அல்ல.

வன்தட்டு உண்மையில் எழுதிவிட்டுச் சொல்கிறது. கெர்னலோ அது சொல்லிவிட்டு எழுதுகிறது என்று எண்ணுகிறது. அப்பொழுது கெர்னல் தேவையற்ற ஃப்ளஷ் ஆணைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். சிறிது நேரம் வீண். அவ்வளவுதான்.

மறுபுறம், வன்தட்டு சொல்லிவிட்டு எழுதுகிறது. கெர்னலோ அது எழுதிவிட்டுச் சொல்கிறது என்று நம்புகிறது. இப்பொழுது ஃப்ளஷ் ஆணையே போகாது. கணினி முன்னைவிட வேகமாகவே ஓடும். ஒரு பிழைச் செய்தியும் வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஒரு புயல் இரவில் மின்சாரம் நிற்கும் வரை.

அனுபவத்தில் நாம் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாவது வகைப் பிழையைத்தான். ஆய்வுக்கூடத்தில் முள் அசையாத அம்மீட்டரைக் கண்டதும் கழற்றி வைத்துவிடுவோம். முள் அசைந்துகொண்டே தவறாகக் காட்டும் அம்மீட்டர்தான் வகுப்பு முழுவதையும் ஏமாற்றும்.

இதைப் பற்றி லினக்ஸ் கெர்னலோடு வரும் விளக்க ஏடுகளிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு வன்தட்டுக்கும் ரைட் கேஷ் என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு தோன்றும். அதைத் திறந்தால் கெர்னலின் குறிப்பு என்னவென்று தெரியும். அந்தக் கோப்பில் நாம் எழுதவும் முடியும். ஆனால் அப்படி எழுதினால் மாறுவது கெர்னலின் எண்ணம் மட்டுமே. வன்தட்டின் நிலை துளியும் மாறாது. ஆகவே 'ரைட் பேக்' என்பதை 'ரைட் த்ரூ' என்று அங்கே மாற்றுவது பத்திரமல்ல, ஃப்ளஷ் ஆணைகள் நின்றுபோகும் என்று அந்த ஏடு சொல்கிறது. தன் தகவலைக் காக்க எண்ணி 'ரைட் த்ரூ' என்று எழுதிய ஒருவர், இருந்த பாதுகாப்பையும் தன் கையாலேயே எடுத்துவிட்டவர் ஆகிறார்!

இதற்கு அருகிலேயே கேஷ் டைப் என்று இன்னொரு கோப்பும் உண்டு. அதில் எழுதினால் நடப்பது வேறு. கெர்னல் முதலில் வன்தட்டின் இப்போதைய அமைப்பைக் கேட்டு வாங்கும். அதில் வேண்டிய பிட்டை மட்டும் மாற்றி வன்தட்டுக்கே திருப்பி அனுப்பும். பிறகு மறுபடியும் வன்தட்டைக் கேட்டு, வந்த விடையைத் தன் குறிப்பில் எழுதிக்கொள்ளும். ஆணையிட்டதை நம்பிக் குறித்துக்கொள்ளாமல், ஆணை நிறைவேறியதைக் கேட்டறிந்து குறித்துக்கொள்வது இதன் சிறப்பு. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு கோப்புகளுக்குள் இவ்வளவு வேறுபாட்டை வைத்தது நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. பெயரைப் பார்த்துப் பயன்படுத்துபவர் ஏமாறவே வழி அதிகம்.

விழுப்புரம் சந்திப்பில் இதே கேள்வி

ஆணையிட்டதற்கும் நிறைவேறியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணினிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. ரயில்வேக்காரர்கள் அதை வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

விழுப்புரம் சந்திப்புக்கு ஐந்து பக்கங்களிலிருந்து பாதைகள் வருகின்றன. திண்டிவனம் வழியாகச் சென்னைப் பாதை, விருத்தாசலம் வழியாகத் திருச்சிப் பாதை, கடலூர் வழியாக மயிலாடுதுறைப் பாதை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிப் பாதை, புதுச்சேரிப் பாதை. ஒரு வண்டியை இவற்றில் எந்தப் பக்கம் திருப்புவது என்பதைத் தீர்மானிப்பது பாயின்ட். அதில் நாக்குப் போலக் கூர்மையான இரண்டு தண்டவாளங்கள் மோட்டாரின் உதவியால் பக்கவாட்டில் நகர்ந்து, நிலையான தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

நிலைய அதிகாரி பேனலில் பொத்தானை அழுத்துகிறார். மோட்டாருக்கு ஆணை போகிறது. உடனே பச்சை விளக்கு எரிந்துவிடலாமா? கூடாது. ஒரு கருங்கல் ஜல்லி நடுவில் சிக்கியிருக்கலாம். மோட்டார் பாதியில் நின்றிருக்கலாம். ஆகவே நாக்குத் தண்டவாளத்தோடு இணைந்த ஓர் உணர் அமைப்பு, அது உண்மையில் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று திருப்பிச் சொல்கிறது. அந்தச் செய்தி வந்த பிறகே சிக்னல் பச்சையாகும். இதைச் சோதிக்க நாக்குக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் இடையே 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு துண்டை வைத்துப் பார்க்கிறார்கள். அப்பொழுது பாயின்ட் பூட்டிக்கொள்ளவும் கூடாது, சிக்னல் விழவும் கூடாது.

பேனலில் தெரியும் படம் கெர்னலின் குறிப்பைப் போன்றது. தரையில் கிடக்கும் தண்டவாளம் வன்தட்டைப் போன்றது. இரண்டும் பிரிந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி ஒடிசாவில் பாலசோர் மாவட்டம் பஹானகா பஜார் நிலையத்தில் நடந்த விபத்து சாட்சி. சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்பாதையில் செல்லப் பச்சை காட்டப்பட்டது. பாயின்ட்டோ பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. 290 பேருக்கு மேல் மாண்டார்கள். சிக்னல் சுற்றுகளில் செய்யப்பட்ட மாற்று வேலைகளில் இருந்த குறைபாடே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. பாயின்ட் ஒருபக்கம் இருக்க, அது மறுபக்கம் இருப்பதாகக் கம்பிகள் சொல்லியிருக்கின்றன. திருப்பிக் கேட்கும் ஏற்பாடு இருந்தும், திரும்பி வந்த விடையே பொய்யாகிவிட்டது.

வன்தட்டுகளிலும் இப்படி உண்டு. வெளியிலிருந்து யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் சில சாதனங்களில், நடுவிலுள்ள மாற்றுச் சில்லு கெர்னல் கேட்கும் கேள்வியை உள்ளே கொண்டுபோவதே இல்லை. விடை வராதபோது லினக்ஸ் என்ன செய்கிறது? 'எழுதிவிட்டுச் சொல்லும்' முறை என்று தானாக வைத்துக்கொள்கிறது. நாம் மேலே பார்த்த கணக்கின்படி இது ஆபத்தான பக்கத்து ஊகம் அல்லவா? ஆனால் பென் டிரைவ் போன்ற எளிய சாதனங்கள் பலவற்றுக்குச் சிலேட்டே கிடையாது. அறியாத ஆணை வந்தால் திக்குமுக்காடி நின்றுவிடும் மலிவுச் சரக்குகளும் சந்தையில் உண்டு. இரண்டையும் எடைபோட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ இதில் முழு நிம்மதி இல்லை. விலையுயர்ந்த சில திண்மநிலைச் சேமிப்பான்களில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். மின்தேக்கிகளில் ஆற்றலைச் சேர்த்து வைத்து, மின்சாரம் நின்றாலும் சிலேட்டில் இருப்பதை எழுதி முடிக்கும்படி செய்திருக்கிறார்கள். மின்தேக்கியின் ஆற்றல் மின்தேக்குத்திறனுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்று படித்தீர்களே, அது இங்கே வேலைக்கு உதவுகிறது.

'புதிய பட்டியல் அடுத்த முறைதான்'

இதே வகையைச் சேர்ந்த, அடிக்கடி காணக்கூடிய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, பாஸ் என்ற லினக்ஸும் பதியப்பட்டு வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்க வேண்டுமானால், தட்டைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல் தட்டின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கெர்னல் அதையும் ஒருமுறை படித்துத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது.

எஃப்டிஸ்க் என்ற கருவியால் அந்தப் பட்டியலை மாற்றினால், சில சமயம் ஒரு செய்தி வரும். பட்டியலை மறுபடி படிக்க முடியவில்லை, கெர்னல் இன்னும் பழையதையே பயன்படுத்துகிறது, அடுத்த முறை இயங்கத் தொடங்கும்போதுதான் புதியது வழக்கத்துக்கு வரும் என்பது அதன் சாரம். இதைக் கண்டு ஏதோ கெட்டுவிட்டதென்று பயப்படுவோர் உண்டு. உண்மையில் கெர்னல் சரியாகவே நடந்துகொள்கிறது. வன்தட்டின் ஒரு பகுதியில் கோப்புகள் திறந்து வேலை நடந்துகொண்டிருக்கும்போது, அந்தப் பகுதியின் எல்லைக்கல்லை நகர்த்தினால் எழுதுவது பக்கத்து நிலத்தில் போய் விழும். குடியிருப்பவர் காலி செய்த பிறகே எல்லையை மாற்ற முடியும். அந்தச் செய்தியைக் கண்டதும் கணினியை மறுபடி தொடங்குவதே முறை. பொருட்படுத்தாமல் புதிய பகுதியில் எழுத முயல்வது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

'அணைத்துவிட்டுப் போடு, சரியாகிவிடும்' என்று கணினி பழுது பார்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை ஏதோ மந்திரம் போல எண்ண வேண்டாம். அணைக்கும்போது கெர்னலின் குறிப்புகள் யாவும் அழிகின்றன. மறுபடி தொடங்கும்போது ஒவ்வொரு சாதனத்திடமும் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்கிறது. குறிப்பு பழசாகிப்போனதால் வந்த கோளாறு அத்துடன் தீரும். சாதனமே பொய் சொல்லும் கோளாறு எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் தீராது.

நீங்களே பார்க்கலாம்

லினக்ஸின் கெர்னல் மூடிய பெட்டி அன்று, யாரும் படிக்கலாம். விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கிவருகிறது. பள்ளியில் லினக்ஸ் உள்ள கணினி இருந்தால் இந்தச் சிறு சோதனையைச் செய்து பாருங்கள்.

ஒரு பென் டிரைவைச் செருகி, சில விநாடிகள் பொறுத்து, முனையத்தைத் திறந்து டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டி அனுப்புங்கள். சில கணினிகளில் இதற்கு ஆசிரியரின் கடவுச்சொல் தேவைப்படும். கெர்னல் எழுதிவைத்த குறிப்புகள் வரிசையாக ஓடும். கடைசிப் பகுதியில் உங்கள் பென் டிரைவின் பெயரும் கொள்ளளவும் இருக்கும். அதை ஒட்டி, எழுதும் நினைவகம் இயங்குகிறது அல்லது இயங்கவில்லை என்று ஒரு வரி இருக்கலாம். அல்லது, அந்த விவரப் பக்கம் கிடைக்கவில்லை, 'ரைட் த்ரூ' என்று வைத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் இரண்டு வரிகள் இருக்கலாம். முதல் வகை, சாதனம் சொன்ன விடை. இரண்டாவது, விடை கிடைக்காமல் கெர்னல் செய்த ஊகம். வெவ்வேறு நிறுவனங்களின் பென் டிரைவுகளையும், கிடைத்தால் வெளி வன்தட்டு ஒன்றையும் செருகி, எது எந்த வகை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒன்றை முறைப்படி வெளியேற்றிக் கழற்றி, மறுபடியும் செருகிப் பாருங்கள். அதே வரிகள் புதிய நேரத்துடன் கீழே இன்னொரு முறை வந்திருக்கும். முன்பு கேட்டது எதையும் நம்பாமல், கெர்னல் முதலிலிருந்து விசாரித்திருக்கிறது.